தவளை விஷத்துல ஒரு கேட்டு

...தவளைக்கு எதுக்கு பாய் கேட்டு? நீங்களே சொல்லுங்க! இல்லல்ல, உக்காருங்க. உங்க வீட்டு இரும்பு கேட்டு ரெடி. அந்தா, தார்ப்பாய்க்குள்ள இருக்கு, பெயிண்ட் காயுது. தொட்டுறாதீங்க, கையில ஒட்டிக்கும். அதுக்குள்ள என் வயித்தெரிச்சலைக் கேளுங்க.

சுவத்துல சாத்தி வெச்சிருக்கேன் பாருங்க ஒண்ணு... ஆமா, அந்தக் கோணல்மாணலாத்தான். அது தவளை விஷம் பாய். சிரிக்காதீங்க! பேட்ரிசியா மேடம் இல்ல, காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறாங்களே, இங்க மன்னார்புரத்துலயே புது வீடு கட்டிருக்காங்க... அவங்க டாக்டர் பட்டம் வாங்குனதே தவளைத் தோல்ல இருக்கற விஷத்தைப் பத்தித்தானாம். வாங்குனா வாங்கிட்டுப் போங்க, அதைக் கொண்டாந்து கேட்டுல போடுன்னா? மயில் போடறேன் மேடம்னேன். அன்னம் போடறேன்னேன். சிலுவை போட்டு ரெண்டு பக்கமும் திராட்சைக் கொடி ஓட விடறேன்னேன்... ம்ஹூம். சரி, தவளையாவது போடலாம்ல, குண்டா, கண்ணு ரெண்டும் முழிச்சிக்கிட்டு? அதுவும் கூடாதாம். தவளை விஷத்தோட எலும்புக்கூடு மட்டும் போதுமாம்!

அந்த விஷத்தோட கெமிஸ்ட்ரிப் படம் ஒண்ணு குடுத்தாங்க. ஆறு மூலையில ஒரு வளையம். அதை ஒட்டி அஞ்சு மூலையில இன்னொண்ணு. ரெண்டும் ஒட்டுற மூலையில ஒரு உருண்டை, அது நைட்ரஜனாம். ஆறு மூலைக்காரன்லேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு ஒரு வாலு. நடுவுல ஆப்பு மாதிரி ஒரு தகடு வேற. வாலு சும்மா தொங்குதே மேடம், ஃப்ரேம்ல சேத்து வெல்டு வெச்சுறவான்னேன். தொங்கணும் அழகர்சாமி, சேத்தா அது வேற பொருளுங்கறாங்க. தொங்குற கம்பி நாளைக்கு ஆடுச்சுன்னா யாரைத் திட்டுவாங்க? தவளையையா திட்டுவாங்க?

இதுல கூத்து என்னன்னா, அந்தத் தவளை அந்த விஷத்தைத் தானா செய்யறதே இல்லியாம். ஏதோ தென்னமெரிக்காக் காட்டுல கட்டை விரல் தண்டி இருக்குமாம். எறும்பு, சின்னச் சின்னப் பூச்சின்னு தின்னு, அதுங்ககிட்ட இருக்கற விஷத்தை வாங்கித் தோல்ல ஏத்தி வெச்சிக்குமாம். கண்ணாடிப் பொட்டியில வளத்து வேற தீனி போட்டா விஷமே இருக்காதாம். பார்சல் வாங்கித் தின்னுட்டு நான்தான் சமைச்சேன்னு சொல்றவனுக்கெல்லாம் கேட்டு! நம்மூரு நெருப்பெறும்பு இருக்கே, கடிச்சா காந்துமே... அதோட விஷத்துக்கு ஒரே ஒரு வளையம், ஒரு வாலு, அவ்ளோதானாம். அதைச் சொல்லிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருப்பேன்.

என்ன பாய், மணி பாக்கறீங்க? வந்துட்டேன் வந்துட்டேன்.

தரையில சாக்பீஸால வரைஞ்சு, கம்பியை வளைச்சு, முதல் கதவு... ஐயோ, படத்தை உரிச்சு ஒட்டுன மாதிரி வந்துச்சு. மேடம் பாத்துட்டுக் கண்ணு கலங்கிட்டாங்க பாய். இதேதான், இதே மாதிரி இன்னொண்ணுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நமக்குத் தொழில் தெரியாதா? ரெட்டைக் கதவுன்னா எப்படி இருக்கணும்? வலது மயிலு இடது மயிலைப் பாக்கணும். ஒண்ணு முன்னாடி போக, இன்னொண்ணு பின்னாடியே தொரத்துற மாதிரியா போடுவாங்க? ரெண்டு காலுக்கும் வலது செருப்பா மாட்டுவாங்க? பாவம், படிச்சவங்க, கேட்டைப் பத்தி என்ன தெரியும், நாமதான் சரி பண்ணணும்னு ரெண்டாவதை அப்படியே திருப்பிப் போட்டேன். ரெண்டு வாலும் நடுவுல வந்து கொஞ்சிக்கற மாதிரி... பாருங்க பாய் அந்த அழகை!

மாட்டப் போனா வாசல்லயே நிறுத்திட்டாங்க. திருப்பிப் போட்டா வலது கை இடது கையா ஆற மாதிரி வேற பொருளாயிடுமாம். முதல் கதவு தவளையில இருக்கறதாம். ரெண்டாவது எந்தத் தவளையிலயும் கிடையாதாம்! இல்லாத தவளைக்கு நான் எங்க பாய் போவேன்? கூட வேலை பாக்கறவங்கல்லாம் நாளைக்கு வருவாங்க, வாசல்லயே நின்னு சிரிப்பாங்க, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. நாளைக் காலையில ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிப் புது வீட்டை மந்திரிக்கறாரு. வாசல் தொறந்த மேனிக்குக் கெடக்கு. அந்தத் தெருவுல வரிசையா வீடு எழும்புது பாய். இந்த ஒரு கேட்டு திரும்பி வந்துருச்சுன்னு தெரிஞ்சா அந்தத் தெருவே எனக்கு இல்ல.

அதான்... உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு. நீங்க துபாய்லாம் பாத்தவரு. இப்பவே என்கூட வந்து, கேட்டுன்னா இப்படித்தான் இருக்கணும் மேடம், அழகர்சாமி செஞ்சது சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கேட்டும் அப்படித்தானே? ரெண்டு கதவுலயும் உங்க பாப்பா பேரைப் போடச் சொன்னீங்க, அல்ஷிஃபா, அல்ஷிஃபான்னு. இருங்க, காட்டறேன்... தார்ப்பாயை அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க. ஹாங்! இந்தக் கதவுல நேரா ஒரு அல்ஷிஃபா. அந்தக் கதவுல அதைப் பாத்த மாதிரி எழுத்தெல்லாம் திரும்பி இன்னொரு...

பாய்? பாய், வண்டிச் சாவியை ஏன் எடுக்கறீங்க? தப்பில்ல பாய்! உள்ள நின்னு பாத்தா அதுவும் நேராத்தான் தெரியும்! பாப்பா வீட்டுக்குள்ளேர்ந்துதானே பாக்கும்!

பாய்... பாய்! அப்ப மேடம் வீட்டுக்கு யாரு வர்றது?