தெற்குப் பக்க யன்னல்

ஹலோ... ஹலோ, தேவா? சிறிதரன் கதைக்கிறன்ரா... ஓம், ஓம், மெல்பேர்ண் வீட்டு ஃபோன், வயர் இல்லாதது. மொபைலில சார்ஜ் இல்ல, அதுதான் இதில எடுக்கிறன்... இல்லையடா, சுகம் விசாரிக்க எடுக்கேல்ல. நீ சிட்னியில இண்டைக்கு ஒரு கலியாண வீட்டுக்கும் படம் எடுக்கப் போகேல்லையோ?... நல்லது. அப்ப இந்தக் கமராவை ஏன் என்னை வாங்கச் சொன்னனி எண்டு முதல்ல சொல்லு.

என்ன ஆறுதலாக் கதைக்கிறது? காலம தொடக்கம் ஹோலுக்குள்ள நிண்டு முறியிறன். நல்லதா ஒரு படம், ஒரே ஒரு படம்... ஆரையோ? சுகந்தியைத்தான். என்ர தங்கச்சியை விட்டா இந்த வீட்டில வேற ஆரை எடுக்கிறது? ரொறன்ரோவுக்கு அனுப்போணும், கலியாணப் பேச்சு... ஹலோ? தேவா? கேக்குதோ?... இல்ல, அங்க ஏதோ விழுந்த சத்தம் கேட்டுது, லைன் அறுந்திட்டுதோ எண்டு பாத்தன்.

ஓம், என்ஜினியராம். சாதகம் பொருந்தியிருக்கு, அம்மாவுக்குக் கால் நிலத்தில படேல்ல. போன கிழமை ஒரு படம் அனுப்பினனாங்கள். அதைப் பாத்திட்டு மாப்பிள்ளையின்ர தாய் என்ன கேட்டவ தெரியுமோ? பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ எண்டு... சிரியாதை... சிரியாதை தேவா, எனக்கு வாற விசருக்கு...

கண்ணுக்குக் கீழ ரெண்டும் கறுப்புக் குழி. ஆஸ்பத்திரியால வந்த ஆள் மாதிரி... ஓம், சீலிங்கில இருக்கிற சின்ன லைட்டுகள்தான். வெளிச்சம் கூடினா நல்லது எண்டு எல்லாத்தையும் போட்டு, நேர கீழ நிப்பாட்டினனான்... ஓம்... ஓம்... நெத்தியில வெளிச்சம் விழுந்தா கண்ணில நிழல் விழும். இப்ப சொல்லு! வாங்கேக்க சொல்லியிருக்கலாமே.

இண்டைக்கு லைட் எல்லாத்தையும் நூத்துப்போட்டு ஃபிளாஷ் அடிச்சன்... அது அதைவிட மோசம். நிறமாத் தெரியோணும் எண்டு அம்மா அவளுக்கு அரை டின் பவுடர் அப்பி விட்டிருக்கிறா. ஃபிளாஷ் பட்ட உடன முகம் சாம்பல், கழுத்து மண்ணிறம். ரெண்டு ஆக்களை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. பின்னால சுவரில நிழல் பூதம் மாதிரி நிக்குது.

மூக்கோ? ஐயோ, மூக்கைப் பற்றிக் கதையாதை. எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லாத மூக்கு வந்திருக்கு... ஓம், கிட்ட நிண்டுதான் எடுத்தனான்... பொறு, பாக்கிறன்... லென்ஸ் பதினெட்டில நிக்குது... அந்த அகலத்தில கிட்ட நிண்டு எடுத்தா மூக்குப் பெருக்குமோ?... ஐம்பத்தஞ்சுக்குத் திருப்பிப்போட்டு நான் பின்னால போகோணுமோ? எங்க போறது? புது சோஃபா, ரீவி, மாடிப்படி எல்லாம் படத்தில விழோணும் எண்டு அம்மா ஒற்றைக் காலில நிக்கிறா... ஓமடா, வீடு பெரிசு, பிள்ளை சின்னன். மாடிப்படிக் கைபிடி அவளின்ர தலையில கொம்பு மாதிரி முளைச்சிருக்கு.

யன்னலோ? அதுவும் பாத்தாச்சு. நான் ஒண்டும் படிக்காமல் நிக்கிறன் எண்டு நினைக்காதை. இன்டர்நெட்டில ஒருத்தன் வடிவா எழுதியிருக்கிறான். ஆளை வடக்குப் பக்க யன்னலுக்குப் பக்கத்தில இருத்து, வெய்யில் நேர விழாது, மெல்லிய வெளிச்சம் வரும் எண்டு. எங்கட ஹோல் யன்னல் சரியா வடக்கு. இருத்தினனான். வெய்யில் எண்டா வெய்யில், நேர மூஞ்சையில! அவளுக்குக் கண் திறக்கேலாது, கண்ணீர் ஓடுது, பவுடர் கரையுது. பிள்ளை கறுக்கப் போறாள் எண்டு அம்மா ஓடி வந்து யன்னல் சீலையை இழுத்து மூடுறா... என்ன?... திருப்பிச் சொல்லு... அவன் எந்த நாட்டுக்காரனோ? அமெரிக்காக்காரன் எண்டு நினைக்கிறன்... அதுக்கென்ன இப்ப?...

ஐயோ.

அங்க தெற்கால போற சூரியன் இஞ்ச அவுஸ்திரேலியாவில வடக்குப் பக்கத்தால... ஓம். ஓம் ஓம், விளங்குது. நீ சிரிச்சு முடி. இவ்வளவு வருஷமா வடக்குப் பக்கத்தில உடுப்புக் காயப்போடுறம், எனக்கு மூளை ஓடேல்லப் பார். அப்ப எங்களுக்குத் தெற்கு... தெற்குப் பக்கத்தில லோண்ட்ரிதானே இருக்கு... விளையாடுறியோ? கலியாணத்துக்கு அனுப்புற படத்தை உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ள வைச்சோ?... வெறும் சுவரும் யன்னலும் இருந்தாப் போதுமோ?... சரி, சரி, நில்லு.

சுகந்தி, எழும்பு. லோண்ட்ரிக்கு வா... என்னைக் கேளாதை, தேவா சொல்லுறான்... ஓம், தேவாதான் லைனில... இல்ல தேவா, உன்னோட இல்ல, இவளோட. காலம முழுக்க எழும்பு எண்டா எழும்பாள், இரு எண்டா இராள். இப்ப எனக்கு முதல் அங்க போய் நிக்கிறாள்!

அம்மா, கொஞ்சம் பொறுங்கோ... இல்லையம்மா, வொஷிங் மெஷின் படத்தில தெரியாது... சோஃபாவும் தெரியாது... அவை பிள்ளையைத்தானே கேட்டவை, சோஃபாவைக் கேக்கேல்லையே! நீங்கள் குசினிக்குப் போங்கோ, நான் கூப்பிடுறன்... பாத்தியோ தேவா, இதுதான் இஞ்சத்தைய நிலைமை.

உன்னை ஸ்பீக்கரில போடுறன். எனக்கு ரெண்டு கையும் வேணும். மெஷினுக்கு மேல வைக்கிறன், சத்தமாக் கதை... ஓம், கேக்குது.

அயர்ன் பண்ணுற பலகை இருக்கு... வெள்ளைத் துணியைப் போட்டு நிமித்தி வைக்கட்டோ?... யன்னலுக்கு எதிர்ப்பக்கம்... அட! இருட்டுக் கன்னத்தில வெளிச்சம் திரும்பி விழுது. என்ன மாயமடா இது... பவுடரோ? சுகந்தி, அதைத் துடை... துடை, அம்மாவோட நான் கதைக்கிறன்... சரி, ஐம்பத்தஞ்சு. முதுகு கதவில முட்டுது, இனிப் போகேலாது... நடுவில இல்ல, ஓம், ஒரு பக்கமா... அவள் பாக்கிற பக்கம் இடம் விட்டிருக்கிறன்... கண் ரெண்டும் கமராவுக்குள்ள தெரியிற மேல் கோட்டில... கிட்ட இருக்கிற கண்ணில ஃபோகஸ். ஓம்.

தேவா, வெளிச்சம் நீ சொன்ன மாதிரியே வந்திருக்கு. ஆனா இவள் மரக்கட்டை மாதிரி இருக்கிறாள்! சுகந்தி, சிரி... பல்லுக் காட்டச் சொல்லேல்ல, சிரிக்கச் சொன்னனான்... இதுக்கு நான் என்ன செய்யிறது தேவா? வெளிச்சத்தைத் திருத்தலாம், மூஞ்சையை எப்பிடித் திருத்துறது? இரவு மாப்பிள்ளையின்ர தாய் ரொறன்ரோவில இருந்து எடுப்பா. இண்டைக்கும் படம் போகாட்டி அவை வேற இடம் பாப்பினம், அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு இருப்பா, பேச்சு வாங்கிறது நான்... நீயே சொல்லு அவளுக்கு... எனக்கில்லையடா, அவளுக்கு! நாடியைக் கொஞ்சம் உயத்தச் சொல்லு...

ஆ... நில்லு, நில்லு... சுகந்தி, அசையாதை... எடுத்திட்டன்! தேவா, கதை, கதை, நிப்பாட்டாதை... இன்னொண்டு... வந்திட்டுது! டேய், வந்திட்டுது!

பொறு, பெருப்பிச்சுப் பாக்கிறன்... கண்ணைப் பாக்கோணும் நீ. யன்னல் அப்பிடியே கண்ணுக்குள்ள தெரியுது. காலம தொடக்கம் நான் எடுத்த பிள்ளை இது இல்ல... ஒரே ஒரு பிழை, கமராவைப் பாக்கேல்ல... இல்ல, யன்னலையும் இல்ல. இவள் என்ன, வொஷிங் மெஷினைப் பாத்துச் சிரிக்கிறாள்?

...

தேவா.

இப்ப நீ அவளை என்னெண்டு கூப்பிட்டனி?... இல்ல, சுகந்தி எண்டு சொல்லேல்ல. சுகி எண்டு சொன்னனி. இந்த வீட்டில ஆரும் அவளை அப்பிடிக் கூப்பிடுறேல்ல... சுகந்தி, எங்க ஓடுறாய்? நில்லு அதில... தேவா, வைக்காதை. ஸ்பீக்கரை நிப்பாட்டுறன்.

ம். சொல்லு... எப்ப தொடக்கம்?... எங்கட வீட்டில வந்து சாப்பிட்டுத் திரிஞ்ச காலத்திலயே?... சிட்னிக்குப் போனாப் பிறகு. ம்... எனக்குச் சொல்ல உனக்கு வாய் இல்லையோ?... என்ன பயம்? நான் என்ன புலியோ?... அம்மா சம்மதியாட்டி? அம்மாவைக் கேட்டனியோ, கேட்டுப் பாத்தனியோ?... அப்ப உப்பிடியே இருந்திருப்பியோ? வேற ஒருத்தனுக்கு அனுப்புற படத்துக்கு, வடக்கு, தெற்கு, வெள்ளைத் துணி எண்டு வரிசையாச் சொல்லித் தாறாய்! விசரனோடா நீ?... என்ன?... சத்தமாச் சொல்லு...

அவள் வடிவா வரோணும் எண்டு.

உன்னோட கதைச்சு வேலையில்ல... ஓம், கோவம்தான். நல்ல கோவம். நீ நேர வா, வாங்கிக் கட்டுவாய்... அவளோ? இஞ்சதான் நிக்கிறாள். அழேல்ல. என்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறாள்... சுகந்தி, ஒண்டு மட்டும் சொல்லு. ஓமோ, இல்லையோ?... 

சரி.

ஓம் அம்மா... வந்திட்டுது... நல்லா வந்திருக்கு, இந்தக் கமராவில நான் எடுத்த முதல் படம் இதுதான் எண்டு சொல்லலாம்... பாருங்கோ, என்ன வடிவு... இல்லையம்மா, ரொறன்ரோவுக்கு அனுப்பேலாது... அனுப்பேலாது எண்டுறன். அவள் அவைக்காகச் சிரிக்கேல்ல.

தேவா, நிக்கிறியோ?... இல்ல, நான் சொல்ல மாட்டன். எனக்குச் சொல்லாத ஆளுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்கோணும்? தொண்டையைச் செருமிக்கொள்.

இந்தாங்கோ அம்மா, பிடியுங்கோ. தேவராஜா உங்களோட கதைக்கோணுமாம்.