கத்தாத பெட்டி

காலை ஷிப்ட் முடிந்து குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். முன்சீட்டுப் பெண் திடீரென்று, "அக்கா, அதை ஊமையாக்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"எதைடி?" பக்கத்திலிருந்தவள் கண் திறக்கவில்லை.

"செல்போன் டவருக்குப் போற பவர் பெட்டியை. டெஸ்டுக்காக கரண்டு குடுக்கற கார்டை உருவி, அலாரம் கார்டு கத்துதான்னு பார்த்தேன். காது வலிக்குன்னு சத்தத்தை நிறுத்தினேன். திரும்பப் போடல."

"பேக்கிங் ஆயிருக்குமே. சொன்னா வேலைக்கே வேட்டு வெப்பாங்க."

"சொல்லலேன்னா, எங்கயோ ஒரு டவர்ல கரண்டு போனாலும் யாருக்கும் தெரியாதுல்லாக்கா."

அவளே சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஜன்னலில் ஏரி போய்க்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து ஸ்பீக்கரில் போட்ட போனில், "பேக்கிங்கைப் பிரிச்சு சரி பண்ணிட்டேன், கேட்டுக்கோ" என்றது சூப்பர்வைசரின் குரல். கீ கீ என்று அலாரம் கத்தியது.

பஸ்ஸில் தூங்கியவர்களெல்லாம் விழித்தார்கள். முன்சீட்டுப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.