பனிக்காற்றில் பிறந்த சூடும் பதினோரு நாள் கோட்டும்

ஒரு கால் ஆடும் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் அமர்ந்து இந்தக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! தீர்மான நோட்டை இந்த ஆண்டு தொலைக்காமல் கொண்டுவந்திருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலைகளை வீட்டிலிருக்கும் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று துணிந்து வந்திருக்கும் தாய்மார்களே! ஹீட்டரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டதால் எனக்கு முதுகை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே! முகங்களுக்கும் முதுகுகளுக்கும் என் முதல் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'இல்லந்தோறும் ஹீட் பம்ப்'. "வெப்ப எக்கி என்று சொல்லுங்கள்" எனத் தலைவர் திருத்தினார். இதோ சொல்லிவிட்டேன். இனி ஹீட் பம்ப் என்றே பேசுகிறேன்.

நான் பேருந்து ஓட்டுபவன். புத்தகம் படித்துப் புள்ளிவிவரம் சொல்லப் புறப்பட்டவன் அல்லன். ஆனால், நம் குடியிருப்பின் இருபத்து நான்கு வீடுகளிலும் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாமா வேண்டாமா என்று இன்று நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். அதற்கு முன், என் அக்கா வீட்டில் நடந்ததை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

என் அக்கா தையல்காரி. தெருவைப் பார்த்த சன்னல். சன்னலடியில் தையல் மிஷின். மிஷினுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் பாய்லர். அந்தப் பாய்லருக்கு ஏகபோக அதிபதி என் மாமா, அக்காவின் கணவர். சலவைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பாய்லர் இயக்கி ஓய்வு பெற்றவர். வீட்டுப் பாய்லரைத் துடைப்பார், தட்டுவார், காது வைத்துக் கேட்பார். அக்கா பேசும்போது அவர் அத்தனை கவனமாகக் காது கொடுத்ததாக எங்கள் குடும்ப வரலாற்றில் பதிவு இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய குளிர்காலம். அக்காவுக்குத் தலைவலி வந்தது. கண்ணாடியை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், விளக்கு இருக்கும் மூலையை மாற்றினாள். தலைவலி மட்டும் மாறவில்லை. வெளியே போனால் தெளியும். வீட்டுக்கு வந்தால் திரும்பும்.

"வீட்டுக்குள்ள வந்தாலே தலை வலிக்குதுங்கிறா மாப்ள. வீட்டைச் சொல்றாளா, என்னைச் சொல்றாளான்னு தெரியல" என்று மாமா என்னிடம் புலம்பினார்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஒரு பிற்பகல், தபால் கொண்டுவரும் அம்மா தன் புதுக் கோட்டுக்கு அளவு பார்க்க வந்தார். அக்கா குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். "கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். அந்த அம்மா கையைத் தூக்கினார். தூக்கியபடியே சாய்ந்தார். பிடிக்கப் போன அக்காவுக்கு முழங்கால் மடங்கியது. எழ முடியவில்லை. தரையில் தவழ்ந்தாள்; தட்டுத் தடுமாறினாள்; தாழ்ப்பாளைப் பிடித்துக் கதவைத் திறந்தாள். கடைக்குப் போய்த் திரும்பிய மாமா கண்டது, வாசற்படியில் தலையும் வீட்டுக்குள் காலுமாகக் கிடந்த மனைவியை!

இருவரையும் இழுத்து வெளியே போட்டார். இருவரும் பிழைத்தார்கள். தபால் அம்மா கோட்டில் பதினோரு குண்டூசியோடு ஆம்புலன்ஸில் போனார். "இன்னும் அரை மணி நேரம் உள்ள இருந்திருந்தா நாம பேசுற பேச்சே வேற" என்றார் மருத்துவர்.

காரணம் என்ன? பாய்லரிலிருந்து சுவருக்குள் போகும் புகைக்குழாயில் ஒரு விரிசல். அதன் வழியே கசிந்தது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு. நிறம் கிடையாது, நாற்றம் கிடையாது, வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லும் பழக்கமும் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா வாசலில் நின்றே சொன்னாள்: "இனிமே என் வீட்டுக்குள்ள நெருப்பு எரியக் கூடாது."

ஹீட் பம்ப் பொருத்த ஒரு மெக்கானிக் பெண் வந்தார். மாமா விசாரணையைத் தொடங்கினார்.

"சூடு எங்கேருந்து வரும்?"

"வெளியேருந்து சார்."

மாமா சன்னலைப் பார்த்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. "அங்கேருந்தா?"

"ஆமா சார். குளிர்ந்த காத்துலயும் கொஞ்சம் சூடு இருக்கும். அதை உறிஞ்சி, அழுத்தி, இன்னும் சூடாக்கி உள்ள அனுப்பும். உங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கை வச்சுப் பாருங்க."

மாமா கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"உள்ள இருக்கிற சூட்டைப் பிடுங்கிப் பின்னாடி விடுது. இதுவும் அதே வேலைதான்."

மாமா ஃப்ரிட்ஜையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ தெருவையே ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கிறீங்க."

"அப்படியும் சொல்லலாம் சார்."

"தெருவுல இருக்கிறவங்ககிட்ட கேட்டீங்களா?"

சிரிக்காதீர்கள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் காலை மாமா கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் அமர்ந்தார். கோட்டையைக் காத்த மன்னர்கள் உண்டு, தாய்மார்களே. கோட்டைக் காத்த ஒரே மனிதர் என் மாமா! ஒரு நாளா, இரண்டு நாளா? பதினோரு நாள்! வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. மாமாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"வேர்க்குதே மாமா?"

"எனக்குக் குளிர்ல வேர்க்கும்."

பதினோராம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மிஷின் மேல என்ன கோபம் மாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாய்லர் இருந்த சுவரைப் பார்த்தார்.

"மிஷின் மேல என்ன கோபம்? இருபத்தெட்டு வருஷம் பாய்லர் பாத்தவன் நான். தினம் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். அது உங்கக்காவைக் கொல்லப் பாத்தது எனக்குத் தெரியலையே மாப்ள. இதமா உக்கார எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

தையல் மிஷின் சத்தம் நின்றது. அக்கா எழுந்து வந்தாள். அழவில்லை, அணைக்கவில்லை.

"விரிசல் சுவத்துக்குள்ள இருந்துச்சு. சுவத்துக்குள்ள பாக்க உங்களுக்கென்ன தனியா கண்ணா இருக்கு? கதவு வரைக்கும் நான் வந்தேன். அங்கேருந்து தூக்கினது நீங்க. கோட்டைக் கழட்டுங்க, லைனிங் கிழிஞ்சிருக்கு."

லைனிங் கிழியவில்லை. நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். கிழியாத அந்த லைனிங்கை அக்கா குளிர்காலம் முடியும் வரை தைத்தாள்.

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும், அடிக்க மாட்டார், நல்ல மனிதர்.

ஹீட் பம்ப்பில் குறையே இல்லையா? உண்டு. வெளியே வைக்கும் பெட்டி முணுமுணுக்கும். அதன்மேல் பனி குவிந்தால் தள்ள வேண்டும். சன்னல் இடுக்குகளை அடைக்காவிட்டால், எந்த எந்திரம் வைத்தாலும் தெருவுக்குத்தான் சூடு ஏற்றுவோம். ஆனால், அது சூட்டை எரித்து உண்டாக்குவதில்லை, எடுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் தான் தின்னும் மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. எரிப்பதில்லை என்றால் புகை ஏது? புகை இல்லை என்றால் புகைக்குழாய் ஏது? குழாயே இல்லை என்றால் விரிசல் ஏது?

ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டு தன் வீட்டுப் புகைக்குழாயைத் திறந்து பார்த்தவர் யார்? கை தூக்குங்கள்.

ஒருவரும் இல்லை.

நாம் உறங்கும் அறைக்கு அடுத்த அறையில் நெருப்பு விழித்திருக்கிறது, நண்பர்களே! நம் பிள்ளை படிக்கும் சுவருக்குப் பின்னால் நெருப்பு மூச்சு விடுகிறது! அந்த மூச்சு எந்த வழியாகப் போகிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாததை நம்பியா தலையணையில் தலை வைப்பது? தலைவலி வரட்டும், பார்க்கலாம் என்றா காத்திருப்பது? புது எந்திரம் பொருத்தும் நாள் வரை, பாய்லர் அறை வாசலில் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் அலறும் ஓர் அபாய மணியாவது மாட்டுங்கள். பொருத்தியபின் நிம்மதியாக மூச்சு விடுங்கள்!

என்ன? யாரது கடைசி வரிசையில்?

"வெயில் காலத்துல வீட்டைக் குளிர வைக்கும்னு சொல்லு மாப்ள! அதை விட்டுட்டியே!"

சொல்லிவிட்டார். என் மாமாதான். தன் சுவரில் மாட்டியிருப்பதன் பெருமையைப் பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் சொல்லி முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்.

செயலாளர் எண்ணத் தயாராகிறார். தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்துங்கள். மாமா, கைகளை இறக்குங்கள். வேறு தெருக்காரர் இரண்டையும் தூக்கினாலும் இங்கே வாக்கு கிடையாது.

செவி கொடுத்த பெரியோர்க்கும், இப்போது முதுகு திருப்பி முகம் காட்டும் நண்பர்க்கும், கை உயர்த்திய தாய்மார்க்கும், இன்னும் யோசிப்பவர்க்கும் நன்றி கூறி, நீங்கள் நலமாய் மூச்சு விட வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!