லக்கல மலைக்கு நாலாயிரத்து இருநூறு அடி

பிளேன்டீ ஆறிப்போனால் எனக்கு இறங்காது. அன்று பகல் கேப்டன் இராஜசிங்கம் விமானத்திலிருந்து ரேடியோவில், "கபின் முழுக்கப் புகை, எறங்கப் போறேன்" என்றபோது, கோப்பையைச் சாசரால் மூடிவிட்டுத்தான் மைக்கை எடுத்தேன். டைப்பிஸ்ட் நேசம்மா எழுந்து நின்றுவிட்டார். அவருடைய தங்கை அருந்ததி அந்த விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். அவளோடு இன்னும் எட்டுப் பயணிகள்.

நீங்கள் விசாரிக்க வந்த விஷயம் நடந்தது எண்பத்திரண்டு டிசம்பரில், ஐயா. நாலந்தாவுக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனியின் சின்ன ஓடுபாதை. அம்பாறையிலிருந்து வருகிற விமானம் லக்கல மலைகளைத் தாண்ட வேண்டும். புகை வந்தால் விமானி சட்டென்று இறங்குவார். மழை மேகத்துக்குள் மலை தெரியாது. எதுவரை இறங்கலாம் என்பதைச் சொல்ல ஒரு கார்டுதான் உண்டு. அதை எழுதுகிறவன் நான். அங்கே மிக உயர்ந்த சிகரம் ஆறாயிரத்து இருநூறு அடி. இடைவெளிக்கு இன்னும் இரண்டாயிரம். பதினோரு வருடமாக எட்டாயிரத்து இருநூறு என்றே எழுதி வந்தேன்.

மாதாமாதம் புதுக் கார்டில் விமானி வாசித்துக் கையெழுத்திட வேண்டும். இராஜசிங்கம் நின்றபடியே போட்டுவிட்டுப் போவார்.

"வாசிச்சுட்டுப் போடுங்க சேர்," என்றேன் ஒருநாள்.

"உங்க புராணத்த வாசிச்சு முடிச்சா பிளேன் நாளைக்குத்தான் கெளம்பும், மகாலிங்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். நேசம்மாவும்தான். நான் கோபப்படவில்லை. வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறார் என்பதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேனேஜருக்குக் காட்ட நினைத்தேன், அவ்வளவுதான். புதுக் கார்டில் லக்கலவுக்கு நேரே நாலாயிரத்து இருநூறு என்று எழுதினேன். திங்கட்கிழமை அதன் பிரதி கையெழுத்தோடு என்னிடம் திரும்பியது. புகை வந்தது புதன்கிழமை. அது மூன்று நாள் பொறுத்து, கூட்டம் முடிந்து நான் கார்டைத் திருத்திய பிறகு வந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

"என்ன அண்ணே சொல்றாரு? அருந்ததி அதுலதானே வாறா?" என்று நேசம்மா என் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

ரேடியோவில் இருமல் கேட்டது. "மகாலிங்கம், லக்கல நாலாயிரத்து இருநூறு. சரிதானே?"

மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"புதுசா நில அளவை செஞ்சிருக்காங்க, சேர். சரிதான்," என்றேன்.

ஐந்து நிமிடத்தில் ரேடியோ வெறும் இரைச்சலாகிவிட்டது. உடல்களை மலையிலிருந்து தோளில்தான் சுமந்து இறக்கினார்கள். அந்தப் பக்கம் வாகனம் போகாது.

அந்த நேரத்திலாவது எட்டாயிரத்து இருநூறு என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அந்த அறையில் பிழை செய்தவன் நான் ஆகியிருப்பேன். கையெழுத்துப் போட்டது அவர், ஐயா. என்னுடையது ஒரு சோதனை மட்டும்தான்.

உங்கள் கையிலுள்ள கார்டுப் பிரதியில் பென்சில் தடம் ஏதோ தெரிகிறது என்கிறீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம். "லக்கல குறைவாக இருக்கிறது. பார்த்துத் திருத்துங்க." இராஜசிங்கத்தின் எழுத்துத்தான்.

அந்த மாதம் அவர் வாசித்திருந்தார். திங்கட்கிழமையே ரப்பரால் அழித்தது நான்.