கடைசி அத்தியாயத்துக்கு இரண்டு உரைகள்

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன். எனக்குச் சண்டை சச்சரவு ஆகாது. கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவனோடு சண்டை போட யாரும் வருவதுமில்லை. நான் வாயைத் திறந்தாலே ஆளாளுக்கு ஒரு வேலை வந்துவிடும்.

என் மனைவிக்கு மட்டும் வராது. அவளும் தத்துவம் படித்தவள். இருவரும் சேர்ந்து ஒரே தத்துவவாதிக்கு உரை எழுதிக்கொண்டிருந்தோம். இருப்பதெல்லாம் பொருள்தான், பொருள் உந்தப் பொருள் நகர்கிறது, நடப்பதெல்லாம் முன்பே தீர்மானமானது என்றவர் அவர். அப்படியானால் மனிதனின் விருப்பம் வெறும் தோற்றம் என்பது என் உரை. இல்லை, விருப்பமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, அதுவும் உந்தும் என்பது அவள் உரை.

"உங்க சட்டையைத் தினமும் தேய்க்கிறது யாருங்க, அணுவா? மனசு வெச்சாத்தான் கை நகரும்," என்று சிரிப்பாள்.

ஒரு நாள் எங்கள் புத்தகத்தின் பதிப்பாளரைப் பார்க்கப் போனேன்; இரண்டு உரைகளையும் படித்துவிட்டு அவரும் சிரித்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் சொல்றதுதான் நிக்குது. கடைசி அத்தியாயத்துக்கு அதையே போட்டுடலாம்." பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வீடு வந்தேன்.

அன்று மாலை அவளுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்துமா, எங்களுக்குப் பழகிய விருந்தாளிதான். இன்ஹேலர் என் மேசைமேல், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"என்னங்க... அதை எடுங்க..."

எடுக்கத்தான் நினைத்தேன். அப்போது ஓர் எண்ணம்: கை தானாக நகர்கிறதா, பார்ப்போமே. நகரவேண்டும் என்றிருந்தால் நகராமலா போய்விடும்? காத்திருந்தேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கெஞ்சுவதை நிறுத்திவிட்டாள். வாதத்தில் நான் தடுமாறும்போது, 'அவரே திருத்திக்கட்டும்' என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்தப் பார்வை. கடைசிவரை அப்படியே பார்த்தாள்.

இப்போது வீட்டில் நான் சொல்வதை மறுக்க ஆளில்லை. அதனால் எதுவும் சொல்வதில்லை. தேநீர் மட்டும் இன்னும் இரண்டு கோப்பை போட்டுவிடுகிறேன்; கைப்பழக்கம்.

நான் கொல்லவில்லை ஐயா. ஒரு பொருள் இன்னொரு பொருளை உந்தவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் முழுக்க என் உடம்பு என் வசத்தில் இல்லை.

ஜன்னலா? எதிர்வீட்டம்மா பார்த்தார்களா? ஆமாம், நடுவில் எழுந்துபோய் அதைச் சாத்தியது நான்தான். காற்றில் என் அத்தியாயத்தின் தாள்கள் பறந்துவிடும்போல இருந்தது.