பூண்டுலோயா வீடு, பிட்கொயின் கணக்கில்

எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும், ஐயா. அட்டனில் போன் கடை வைத்திருப்பவனுக்கு அது தெரியாமல் முடியாது. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த என் அக்கா வீரம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவாள்.

அக்கா பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். 2020இல் திரும்பி வந்தபோது ஒரே ஆசைதான். பூண்டுலோயாவில், பஸ் போகும் ரோட்டோரம், இரண்டு அறை வீடொன்று விலைக்கு இருந்தது. ஐம்பத்தைந்து லட்சம். அவளிடம் பதினெட்டுதான் இருந்தது. அதற்கு அன்றைக்கு ஒரு பிட்கொயின் கிடைத்தது. என் போனில் வாங்கி வைத்தேன். வீட்டுக்கு அப்போது மூன்று கொயின் வேண்டும்.

மறு வருடம் அதே வீடு ஒரு கொயினுக்கும் குறைவாக வந்துவிட்டது. ரூபாயில் பார்த்தால் வீட்டு விலை ஏறித்தான் இருந்தது; கொயின் அதைவிட வேகமாக ஏறியிருந்தது.

"அப்ப வாங்கிருவோமா தம்பி?"

"கொஞ்சம் பொறுக்கா. பாதிக் கொயினுக்கு வரும். மிச்சம் சுலக்ஷனா கல்யாணத்துக்கு ஆகும்."

சுலக்ஷனா அவளுடைய ஒரே மகள்; அவளுக்கும் சிங்களம் வாசிக்க வராது. பொறுத்தார்கள். 2022இல் கொயின் விழுந்தது. வீட்டுக்கு ஒன்றே கால் கொயின் என்று ஆனது. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்காரரும் அவசரப்படாமல் வருடத்துக்கு வருடம் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். போன வருடம் கொயின் மறுபடி ஏறி, வீடு பாதிக் கொயினுக்கும் கீழே வந்தது. நான் சொன்னது பலித்தது. கால் கொயினுக்கு வரட்டும் என்றேன்.

இந்த வருடம்தான் அந்தக் கடிதம் வந்தது. லய வரிசையின் கடைசிக் காம்பரா அக்காவுடையது. அதன் பின்பக்கம் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, உடனே வெளியேற வேண்டும் என்று அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். காலையில் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னடா எழுதிருக்கு?"

"கூரைக்குத் தகரம் குடுக்கப் போறாங்களாம். பேரு பதிஞ்சிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. மழைக்கு ஒழுகுதுடா," என்றாள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விற்கச் சொல்லியிருப்பாள். அந்த வாரம் கொயின் சற்று இறங்கியிருந்தது. ஐந்து வருடம் காத்திருந்துவிட்டு அப்படியொரு வாரத்தில் விற்பதா? அவளுக்காகத்தான் யோசித்தேன்.

மண் சரிந்தது அடுத்த வியாழக்கிழமை காலை. மழைக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை கொடுக்கவில்லை. தாயும் மகளும் காம்பராவில் இருந்தார்கள். எனக்குத் தகவல் வந்ததும் பஸ் ஏறினேன். வழியில் விலை பார்த்தேன். ஏறியிருந்தது. சுலக்ஷனாவின் உடலை அன்றே எடுத்தார்கள், அக்காவுடையதை மறுநாள். கடிதம் அவள் இடுப்பிலேயே இருந்ததாம். அதைக் கொண்டுதான் என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

கடிதத்தை மாற்றி வாசித்தது நான்தான். என் பெயரைப் போட்டே, ஜீவராஜ் ஒத்துக்கொண்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அக்காவின் காசில் ஒரு சதம்கூடத் தொடவில்லை என்பதையும் எழுத வேண்டும். கடவுச்சொல் கேட்டீர்கள், தருகிறேன். இப்போதைக்கு விற்க மட்டும் வேண்டாம், ஐயா. இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் அக்காவுக்கு அதே மாதிரி மூன்று வீடு வாங்கலாம்.