மூக்கில் கட்டிய துணி

"மூஞ்சி தெரியலன்னு மேஸ்திரி எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாருக்கா."

காலில் ஆணி ஏறி, புதுச்சேரி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் தெரு பெருக்கும் பெண்கள் இருவர். சொன்னவள் இருமி முடிக்கும்வரை மூத்தவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"மூஞ்ச ஏண்டி மூடின?"

"இன்னும் தூசி உள்ள போனா நெஞ்சு தாங்காதாம். டாக்டருதான் துணி கட்டச் சொன்னாரு."

"அத மேஸ்திரிகிட்ட சொல்றதுதான?"

"சொன்னேன். மூஞ்ச மூடினா வேற ஆள அனுப்பி ஏமாத்துவோமாம். அவுத்துட்டுப் பெருக்குன்னாரு. அதச் சொல்லும்போது அவரு மூக்குல துண்டு கட்டிக்கினு இருந்தாரு."

"அப்ப அவருதான் மேஸ்திரின்னு உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"அங்க இருமாத ஆளு அவரு ஒருத்தர்தானேக்கா."